ஆயிரத்தில் நாற்பத்துமூன்று

திரியெஸ்தேயில் போரா காற்று
விடாமல் மூன்றாம் நாளும் அடித்த இரவில்
எங்கள் வாசல் வளைவின் மேலிருக்கும் கல்முகத்திலிருந்து
மூக்கு உடைந்து
லிவியோவின் கார்மேல் விழுந்தது.
மூக்கும் முழியுமாய் நூற்றிருபது வருடம்
துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.
இப்போது முழி மட்டும்.

கூட்டம் மாடிப்படிக்குக் கீழே.
மடக்கு நாற்காலிகள், யாரும் கழற்றாத கோட்டுகள்,
கடிதப்பெட்டிகளின் பித்தளை வரிசை.
நிர்வாகி தார்கோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்கிறார்:
இக்கட்டிடம் மொத்தம் ஆயிரம் பங்கு.
அதில் எனக்கு நாற்பத்துமூன்று.
படிக்கட்டில் நாற்பத்துமூன்று,
புகைபோக்கியில் நாற்பத்துமூன்று,
எலி மருந்துச் செலவில் நாற்பத்துமூன்று.
ஆக, அந்த மூக்கிலும்.
மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
ஒரு நாசித் துவாரத்தின் ஓரம் தேறும்.

"அவள் சுமப்பது இரண்டாம் மாடியின் பால்கனியை,
இரண்டாம் மாடியே கொடுக்கட்டும்"
என்றார் கீழே காபிக்கடை வைத்திருப்பவர்.
"அவள் பார்ப்பது தெருவை,
நகராட்சி கொடுக்கட்டும்" என்றது இரண்டாம் மாடி.
லிவியோ, காருக்கு யார் கொடுப்பார் என்று கேட்டார்.
மூன்று தடவை கேட்டார்.

மரபுக் கட்டிடத் துறையிலிருந்து கடிதம்:
புது மூக்கு அதே மலையின் கல்லில் இருக்க வேண்டும்,
ஆனால் பழைய மூக்கைப்போல நடிக்கக் கூடாது.
ஒட்டியது ஒட்டியதென்று தெரிய வேண்டும்.

நான் பல் கட்டுபவள்.
பகல் முழுக்கப் பீங்கானில் பொய் செய்கிறேன்,
பக்கத்துப் பல்லின் காபிக் கறை வரைக்கும்.
யாரும் கண்டுபிடிக்காமல் இருப்பதுதான் என் கூலி.
எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்து
கோட்டுப் பைக்குள் கைவிட்டேன்.
உள்ளே மூக்கு இருந்தது.

அன்று விடியலில்
கண்ணாடித் தூளுக்கிடையே கிடந்ததை எடுத்தவள் நான்.
கொடுக்கத்தான் எடுத்தேன்.
முதல் நாள் தார்கோ தொலைபேசி எடுக்கவில்லை,
இரண்டாம் நாள் எனக்குத் தலைவலி,
மூன்றாம் நாள் அது என் கையின் சூட்டுக்குப்
பழகிவிட்டது.
உட்கார்ந்துவிட்டேன்.

பழுதுபார்க்க ஆதரவு நானூற்று எண்பத்தேழு,
எதிர்ப்பு ஐந்நூற்று ஒன்று,
மீதிப் பன்னிரண்டு,
வாரிசு அகப்படாத ஒரு நிலவறைக்குச் சொந்தம்.
வலை கட்டுவதென முடிவாயிற்று.
மறுவாரம் பச்சை வலைக்குள்
தேன்கூட்டுக்குக் கிளம்பியவள்போல நின்றாள்.

என் படுக்கையறைக் கூரையில் பாதிப் பூமாலை.
கப்பல் காப்பீட்டுக்காரர் ஒருவரின் நடனக்கூடம் அது,
நாலு வீடாக அறுத்தார்கள்.
சுண்ணாம்பு ரோஜாவின் மறுபாதி
ஓந்தினாவின் குளியலறையில் இருக்கிறதாம்.
பதினோரு வருடமாய் அவள் தும்முவது எனக்குக் கேட்கும்,
நான் அழுத ஒரு டிசம்பர் அவளுக்குக் கேட்டிருக்கும்.
படியில் பார்த்தால்
குப்பை வண்டி வரும் நாளைப் பற்றிப் பேசுவோம்.

வலை கட்டிய இரவு சுவரில் தட்டினாள்.
போனேன்.
"கூட்டத்தில் பார்த்தேன், உங்கள் பை
ஒரு பக்கமாய்த் தொங்கியது" என்றாள்.
மூக்குடைபட்டவளாய் நின்றேன்.
அவள் குளியலறைக்குள் போய்
சோப்புக் கிண்ணத்தை எடுத்துவந்தாள்.
ஈரச் சோப்புக்குக் கீழே
ஒரு கல் காது.
ஒன்பது வருடத்துக்கு முந்தைய போரா.
"கொடுக்கத்தான் எடுத்தேன்" என்றாள்.

லிவியோவிடம் என்ன இருக்கும் என்றேன்.
சத்தமாய் விசாரிப்பவனிடம்
கட்டாயம் ஒரு புருவமாவது இருக்கும் என்றாள்.
சிரித்தது இரண்டு வீட்டிலும் கேட்டிருக்கும்,
நான் வீட்டில் இல்லை.

மேசைமேல் காதை வைத்தாள்.
நான் மூக்கை வைத்தேன்.
நடுவே கன்னத்துக்கு இடம் விட்டு
தள்ளித் தள்ளிச் சரிபார்த்தோம்,
சாண் கணக்கில், வாசலில் அவள் இருந்த அளவுக்கு.
சரியாக வந்ததும்
கன்னம் இருக்க வேண்டிய இடத்தில்
காபிக் கோப்பையை வைத்து,
ஆறிவிடும், குடியுங்கள் என்றாள்.