மூன்று பேச்சியம்மாள்

காளவாசல் சிக்னலுக்கு இந்தப் பக்கம்,
ஃபைனான்ஸ் கம்பெனியின் மூன்றாம் மாடி.
புரொஜெக்டருக்குப் பிளக் போதவில்லை.
சாமி படத்துச் சீரியல் விளக்கைக் கழற்றப் போன ஜுபைர்
என்னைப் பார்த்தான்.
நான் கணக்காளரைப் பார்த்தேன்.
அவர் சாமியைப் பார்த்தார்.

எங்கள் மாதிரித் தரவில் எல்லோரும் நல்லவர்கள்.
ஆளுக்கொரு பிறந்தநாள், பிழையில்லாத இனிஷியல்,
தவணை தப்பாத பத்தாயிரம் பேர்.
ஒரு ஞாயிறு மதியம்
எஸ்தரும் நானும் பெற்றுப் போட்டவர்கள்.

இன்று கேட்டதோ சொந்தக் கணக்கை.
உசிலம்பட்டிக் கிளை, பதினோராயிரம் வரி.
பாதிப் பேர் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்,
பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் போட்ட தேதி.

'இரட்டைப் பதிவுகள் முந்நூற்றுப் பன்னிரண்டு,
நான்கு நொடியில் நீக்கப்பட்டன'
பச்சையில் மின்னியது திரை.
விற்பனைப் பிரிவு சுகவனம் முன்கூட்டியே சிரித்தார்.

கடைசி நாற்காலியிலிருந்து
கிளை மேலாளர் தவமணி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
திரைக்கு அருகே வந்தார்.
"ஒ. பேச்சியம்மாள்னு ஒரு வரிதான் இருக்கு.
மூணு பேருங்க.
ஒருத்தி கட்டி முடிச்சிட்டா.
ஒருத்தி கட்டிக்கிட்டு இருக்கா.
ஒருத்தி திருப்பூர் போயிட்டா.
இப்ப நான் யார் வீட்டுக் கதவத் தட்ட?"

மேசைக்கடியில் சுகவனத்தின் ஷூ என் காலைத் தேடியது.
அந்த மிதி எனக்குத் தெரியும்.
பாத்துக்கலாம்னு சொல்லுங்க.
விற்பவருக்கும் செய்பவருக்கும் நடுவில் போட்ட நாற்காலியில்
ஆறு வருஷமாய் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.
பாத்துக்கலாம்.
அந்த ஒரு சொல்லில் எத்தனை கையெழுத்து,
அதன்பின் அமலனுக்கு எத்தனை தூக்கமில்லாத இரவு.

"தப்புங்க," என்றேன்.
"கதவு எண் இல்லாம இதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது.
இன்னைக்கித் தெரியாது."

கொஞ்ச நேரம் ஏசி மட்டும் பேசியது.
தவமணி நோட்டில் ஏதோ எழுதினார்.
தலைகீழாய்ப் படிக்க எனக்கு இன்னும் வரவில்லை.

கீழே பருத்திப்பால் வண்டி.
சுகவனம் குடிக்கவில்லை,
முதுகைக் காட்டிக்கொண்டு போனில் இருந்தார்.
டம்ளரை ஊதிக்கொண்டிருந்த ஜுபைர் சட்டென்று நிமிர்ந்தான்.
"அக்கா, அந்த விளக்கத் திரும்ப மாட்டுனோமா?"

லிஃப்ட் ஓடவில்லை. ஏறினோம்.

தவமணி இன்னும் அங்கேதான்.
நோட்டில் இரண்டு கதவு எண்கள்,
மூன்றாவதாகத் திருப்பூர் என்று மட்டும்,
அதன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு.

ஜுபைர் பிளக்கைச் செருகினான்.
சிவப்பு, பச்சை, மறுபடி சிவப்பு.