துளைக்கூலி

இரவு முழுக்க இருபது பாகையில் நிற்கிறேன்.
தீவிர சிகிச்சைப் பிரிவில் குளிர் இயந்திரங்களுக்கு;
நோயாளருக்குப் போர்வை,
எனக்கு ஒரு சாம்பல்நிறச் சுவெற்றர்.
காலை ஏழரைக்குப் பாசையூருக்குச் சைக்கிள் மிதிக்கையில்
முன்கூடையில் அது
நாய்க்குட்டிபோல் சுருண்டு கிடக்கும்.

ஊர் எழும்பி முடிய நான் படுப்பேன்.
சித்திரை.
ஓட்டுக்குக் கீழே பிளைவூட் சீலிங்,
சீலிங்குக்குக் கீழே நான்.
பதினொரு மணிக்குத் தலையணையைத் திருப்புவேன்.
பதினொன்றேகாலுக்கு மறுபடி திருப்புவேன்.
இரண்டு பக்கமும் தீர்ந்துபோகும்.
ஃபான் சூட்டை அள்ளிச் சூட்டிலேயே கொட்டும்.

ஆகவே நிரோஜன் வந்தான், ஏணியோடும் துளைகருவியோடும்.
முற்பணம் இருபத்தையாயிரம்.
தெற்குச் சுவரில் ஒரு துளை போட்டான்,
சிரட்டை வாயளவு.
முருகைக்கல் தூள் கட்டில் முழுக்க மாவாய்ச் சிந்திக் கிடந்தது.
"பெட்டி கொழும்பில நிக்குது அக்கா, வாற கிழமை."

வாற கிழமை வந்தது.
பெட்டி வரவில்லை.
அதற்கடுத்த வாற கிழமையும் வந்து போனது.

துளையால் முதலில் ஒரு பல்லி வந்தது.
பிறகு எறும்பு.
பிறகு ஒருநாள், வைகாசி பிறந்து பத்தோ பதினொன்றோ,
நித்திரைக்கு நடுவில் யாரோ
என் வலது காதில் ஊதினார்கள்.
எழும்பிப் பார்த்தேன்.
நாட்காட்டித் தாள் தன்பாட்டில் புரண்டுகொண்டிருந்தது.

சோளகம்.
பரவைக்கடல் முழுக்க நின்றுகொண்டு
ஒரு சிரட்டை வாயால் உள்ளே வரப் பார்த்தது.

அதே சுவரில் ஒரு யன்னல் இருக்கிறது.
மூன்று வருசமாய்ப் பூட்டிவைத்தவள் நான்தான்.
அந்தப் பக்கம் கிறிஸ்ரிலா அக்காவின் நெத்தலிப் பாய்.
கொழுக்கியில் துரு. தேங்காயெண்ணெய் விட்டு,
சுத்தியலால் தட்டி,
பிறகு அதையும் போட்டுவிட்டு தோளால் இடித்துத் திறந்தேன்.
நாற்றம்தான் முன்னுக்கு வந்தது,
காற்று அதன் கையைப் பிடித்துக்கொண்டு.

வெளியே போக வழி தெரிந்தால்தான்
காற்று உள்ளே வரும்.
இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒன்பது பகல் பிடித்தது.
இப்போது வடக்குக் கதவு திறந்தே கிடக்கிறது,
கள்ளன் வந்தால் என் குறட்டையைக் கேட்டுக்கொண்டு போகட்டும்.
கிழக்கு யன்னலுக்கு ஈரச்சாக்கு.
மெத்தையை நிமிர்த்திச் சுவரோடு சாத்திவிட்டேன்.
பன்பாய்,
பூனை படுத்தெழும்பின இடம் பார்த்து.
சீமெந்துத் தரையைத் துடைத்துவிட்டு வெறுங்காலோடு நிற்க
உள்ளங்கால் முதலில் ஆறும்.
மேற்றன் சொன்ன சொல்லெல்லாம் அதற்குப் பிறகு.

மதிலுக்கு மேலால் கிறிஸ்ரிலா அக்கா கேட்டாள்:
"மணக்குதோ பிள்ளை?"
"மணக்குது."
"ம்."
பாயை நகர்த்தவில்லை.
பின்னேரம் பழைய பேப்பரில் சுற்றி
கால் கிலோ நெத்தலி வந்தது.

ஆனியில் நிரோஜன் கோல் எடுத்தான், பெட்டி வந்துவிட்டதாம்.
வேண்டாம் என்றேன்.
அடுத்த நாள் காசோடு வந்தான்,
துளைக்கூலி மூவாயிரம் கழித்து.
வெயிலில் நாலு வீடு ஏறி இறங்கின முகம்,
சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.
"துளையை அடைச்சு விடட்டோ அக்கா? அதுக்குக் காசு வேண்டாம்."
அளவு பார்க்கிறவன்போல் கையை வாயில் வைத்தான்.
எடுக்கவில்லை.
நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு திரும்பி வரும்வரைக்கும்
எடுக்கவில்லை.
"எங்கட வீட்டிலயும் ஏசி இல்லை," என்றான்,
சுவரைப் பார்த்துக்கொண்டு.

அடுத்த சித்திரையைப் பற்றி
நான் ஒரு சத்தியமும் பண்ணவில்லை.
காற்று விழுந்த பகல்கள் உண்டு,
பனையோலை ஒன்றும் அசையாமல்
ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பகல்கள்.
அவனுடைய நம்பரை அழிக்கவில்லை.

இப்போது மணி பதினொன்று.
சுவெற்றர் கொடியில் கையை வீசிக்கொண்டு நிற்கிறது.
துளை மெல்ல விசிலடிக்கிறது.
தலையணையின் மற்றப் பக்கம்
இன்னும் மிச்சமிருக்கிறது.