சைபர்

பர்மாவுக்கே இன்னும் சுதந்திரம் வந்துசேராத
ஓர் ஆடி மாதம்.
ரங்கூன், பொட்டட்டவுங் துறை. நான் கணக்குப்பிள்ளை.
நான்கு மூட்டைக்கு நான்கு கோடு,
ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒன்று.
வேலிபோல் வளரும் என் பக்கம்.

அன்று வளரவில்லை.

மூன்றாம் மேடையில் டச்சுக் கப்பல்.
ஜாவாவில் குண்டு விழத் தொடங்கிப் பத்து நாள் என்று
மொகல் தெரு டீக்கடை ரேடியோ சொன்னது.
கப்பல் கேட்டது அரிசி.
தின்னப்போவது அங்கே இறங்கிய பட்டாளம்.
இதற்குமேல் ஒருவரும் விளக்கவில்லை.
தோள்துணியைத் தலைக்கு மடித்து
மூட்டைகளின் மேலேயே படுத்துவிட்டார்கள்
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
அப்பலசாமி தெலுங்கில் ஒரு பாட்டு எடுத்து
இரண்டாம் அடி மறந்து நிறுத்தினான்.
கோ தௌங் பேஜோ பொட்டலத்தைப் பிரித்தான்.

ஏஜென்டு துரை குடையோடு வந்தார்.
ஒன்றரைக் கூலி என்றார்.
இரண்டு என்றார்.
பிறகு, நிஜமாகவே தெரியவேண்டும் என்பவர்போல்,
ஜாவா உங்களுக்கு என்ன உறவு என்றார்.
மொழிபெயர்த்தவன் நான்.

சன்னாசி எழுந்து உட்கார்ந்தான்.
சயாம் ரயில்பாதையில் கட்டை சுமந்தவன்,
வலது காலில் இரண்டு விரல் கிடையாது.

"பக்கத்துப் பாயிலே ஒரு ஜாவாக்காரன்.
பேர் கேட்கக்கூடத் தெம்பில்லை.
தண்ணின்னு நான் சொல்லிக்கொடுத்தேன்.
ஆயர்னு அவன் சொல்லிக்கொடுத்தான்.
நம்ம ஊர்ல அது மாடு மேய்க்கிறவன்,
அங்கே தண்ணி.
ராத்திரி ஜுரத்தில அவன் தமிழ்ல கேப்பான்,
நான் அவன் பாஷையில கேப்பேன்.
எவனால எழ முடியுதோ அவன் போவான்.
ஒரு ராத்திரி நான் மட்டும் கேட்டேன்."

இதை எந்த இங்கிலீஷில் சொல்ல?
"உறவுதான்" என்று ஒரே சொல்லாக முடித்தேன்.

ஒன்பது நாள் கூலியில்லை.
வீரம் என்று எழுதமாட்டேன்.
மூன்றாம் நாளே நழுவி
வேறு துறையில் சுமந்தவர்கள் உண்டு,
அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு.
நானே நான்காம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு
வாசல்வரை போய்த் திரும்பினேன்.

பத்தாம் நாள் கப்பல் போயிற்று.
வெறும் வயிறு என்பதால்
எவ்வளவு உயர மிதந்தது!
பாசி படிந்த சிவப்பு அடிவயிறு
ஊருக்கே தெரிந்தது.
வேறெங்காவது நிரப்பிக்கொண்டிருக்கும்.
இருக்கலாம்.

எங்கள் துறைமுகச் சீட்டுகளில்
நாடு என்ற கட்டத்தை நிரப்பியவன் நான்தான்.
பென்சிலால்.
நாளை எது என்று யாருக்குத் தெரியும், அழிக்க வசதி.

ஏற்றிய மூட்டை என்ற கட்டத்தில்
சைபரை மையால் போட்டேன்.
எழுத்தறியாத சன்னாசி எட்டிப் பார்த்து
"வட்டமாத்தான் இருக்கு" என்றான்.