பட்டி பார்த்தவன்

ரிமூவர் பூசிப் பத்து நிமிடம் இருக்கும்.
ஆம்னியின் மஞ்சள்
எண்ணெயில் விழுந்த அப்பளமாய்ப் பொரிந்து
தன்னைத்தானே தூக்கிக்கொண்டது.
தகட்டை அடியில் கொடுத்தால் போதும்,
சுருண்டு சுருண்டு காலடியில் விழும்.
புதுப்பேட்டை மத்தியான வெயில்
கூலி கேட்காமல் செய்கிற ஒரே வேலை.

மஞ்சளுக்குக் கீழே வெள்ளை.
வெள்ளைக்குக் கீழே கம்பெனி போட்ட நீலம்.
ஷமீம் பானு கிட்டே வந்து பார்த்து
"இதுவே நல்லா இருக்கே, விட்ருங்களேன்" என்றாள்.
பழைய வண்ணாரப்பேட்டையில் நைட்டி தைத்துத்
திருவொற்றியூர் வரை கடை கடையாய்ப் போடுகிறவள்.
எந்தத் துணியையும் உள்பக்கம் திருப்பித்
தையலைப் பார்க்கிற கண்.
விடமுடியாது என்றேன்.
பழசின்மேல் புதுசு நிற்காது,
ஆறே மாசத்தில் தோலுரியும்.
பெரிய மனுஷன் மாதிரித்தான் சொன்னேன்.

எண்பதாம் நம்பர் தாளைக் கட்டையில் சுற்றி
இடது கதவுக்குக் கீழே தேய்க்கையில்
சத்தம் மாறியது.
எத்திராஜ் வந்து சுத்தியலால் தட்டினான்.
டங், டங், டங்,
தொப்.
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
என்னைப் பார்த்தான்.

உளியால் நெம்பினேன்.
உள்ளங்கை அகலப் பட்டி ஒரே பாளமாய் வந்தது.
பின்னாலேயே செய்தித்தாள் உருண்டை,
துருவில் ஊறிப் பழுப்பேறியது.
பிரித்தால் இரண்டாயிரத்துப் பதினாறு, ஜனவரி.
பொங்கல் தள்ளுபடியில் ஒரு மிக்ஸி.
அரைகுறையாய் ராசிபலன், மீனத்துக்கு அலைச்சல்.
பாளத்தைத் திருப்பினேன்.
காய்வதற்குமுன் கீழிருந்து தாங்கிப் பிடித்த கட்டைவிரல்,
ரேகை முழுக்க.
நடுவே குறுக்காக, தகரம் கிழித்த தழும்பு.

வெள்ளம் வடிந்து ஒரு மாசம் அப்போது.
ஜாஃபர்கான்பேட்டையில் கூரைவரை முங்கியதைத்
தாமோதரன் என்று ஒருவர் கட்டி இழுத்து வந்தார்.
"மேலுக்கு மினுக்குனாப் போதும், விக்கத்தான் போறேன்."
தெரு நெடுக வண்டிகள், சேறு நாறும் சீட்டுகள்,
ராத்திரி இரண்டு மணிவரை கம்ப்ரசர்.
ஓட்டையை வெட்டித் தகடு வைக்க ஒரு நாள்.
பேப்பரைத் திணித்துப் பட்டி பார்க்க
ஒரு டீ ஆறுகிற நேரம்.
வாங்கப்போகிறவருக்கு அன்றைக்கு முகம் இல்லை.

இப்போது அந்த முகம் முக்காட்டை ஒதுக்கிக் குனிந்து
ஓட்டைக்குள் பார்க்கிறது.
"எந்தப் படுபாவி செஞ்ச வேலைங்க இது?
எம் பொண்ணு கால் வெச்சு ஏறி எறங்குற எடம்."
"யாரோ" என்றேன்.
எத்திராஜ் பீடி பற்றவைக்க
தின்னர் வாடை இல்லாத இடம் தேடிப் போனான்.

சாயங்காலமே வெட்டி எடுத்துப்
பதினெட்டுக் கேஜ் தகடு வைத்துப் பற்றவைத்தோம்.
ரெட் ஆக்சைடு இரண்டு கை.
அவள் கேட்ட சாம்பல் நிறம் மூன்று கை.
ஈரத்தில் கூவத்துக் கொசு ஒன்று வந்து ஒட்டியது.
அதையும் தேய்த்தெடுத்து இன்னொரு கை.

பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"வெல்டிங்குக்குக் காசு போடலியே?"
"துண்டுத் தகடு, சும்மா கெடந்துது."
அவள் பார்வை
சாவி நீட்டிய என் கட்டைவிரலுக்கு வந்ததா,
வந்ததாக நான் நினைத்துக்கொண்டேனா, தெரியாது.
ஆயிரத்து இருநூறு தனியாக எண்ணி
ஸ்டூல்மேல் வைத்தாள்.
"எனக்கு யாரும் சும்மா செய்ய வேணாம்."

ஆதித்தனார் சாலைப் பக்கம் வண்டி திரும்புகையில்
வெளிச்சம் அதன் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனது.
எங்கும் தட்டவில்லை.

காசு பறக்காமலிருக்க
தின்னர் டின்னைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.
இரண்டு வாரமாகிறது.
எத்திராஜ் தன் பங்கைக் கேட்கவில்லை.
பாளத்தைக் கூவத்தில் எறியப் பாலம் வரைக்கும் போய்
திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.
டின்னுக்குப் பக்கத்தில் கிடக்கிறது,
விரல் பதிந்த பக்கம் கீழாக.