ஒரு ய் குறையுது

கூத்தாநல்லூர் நகராட்சி.
பிறப்பு இறப்பு மேசை என்னுடையது.
பிறப்புக்கு இடக்கை இழுப்பறை, இறப்புக்கு வலக்கை,
நடுவில் முத்திரையும் என் சாப்பாட்டு டப்பாவும்.

மேட்டூர் திறக்காத ஜூன் அது.
வெண்ணாற்று மணலில் பையன்கள் ஸ்டம்பு நட்டிருந்தார்கள்.
எங்கள் வயல் கடைமடை.
வீட்டுக்காரர் விதைநெல் மூட்டையைக்
கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத்
திருப்பூருக்குப் பஸ் ஏறியிருந்தார்.

அப்போதுதான் ஜெஸீமா வந்தாள்.
குவைத்தில் இருக்கிற கணவனிடம்
பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டும்,
பாஸ்போர்ட் ஆபீசில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
சான்றிதழை மேசையில் வைத்து விரலை ஊன்றினாள்:
"ஒரு ய் குறையுது."

ரயான் என்று அடித்திருந்தேன்.
துணி என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.
ரேயான் நைட்டி, ரேயான் சுடிதார்.
பிள்ளைக்கு இதையெல்லாமா வைப்பார்கள் என்றுகூட.

வியர்த்து வந்தவளிடம் என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.
"நோன்பு" என்றாள்.
நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவளே சிரித்துவிட்டுச் சொன்னாள்.
அரபியில் அந்த எழுத்தின் தலையில் ஓர் அழுத்தக் குறி உண்டு,
சின்னதாய், சேற்றில் பதிந்த கோழிக்கால் மாதிரி.
அழுத்தினால்தான் பொருள்.
ரய்யான்: தாகம் தீர்ந்தவன்.
பயிரையும் அப்படிச் சொல்லலாமாம்,
வேர்வரை நீர் பாய்ந்து
பச்சை கருத்து நிற்கிற பயிரை.
சொர்க்கத்தில் ஒரு வாசலுக்கும் அதுதான் பெயர்.
நோன்பு வைத்தவர்கள் மட்டும் நுழைவார்கள்,
கடைசி ஆள் நுழைந்ததும் சாத்திவிடுவார்கள்.

எனக்கு மதகு ஞாபகம் வந்தது.

"உங்க பேரு?"
போதும்பொண்ணு.
நாலாவதும் பெண்ணாய்ப் பிறந்ததற்கு அப்பா வைத்தது.
சொல்லிவிட்டு ஸ்டாம்ப் பேடைப் பார்த்தேன்.
"அதுவும் போதும்தானே" என்றாள் மெல்ல.

போதும்தான்.
குடித்தவன் செம்பைக் கீழே வைத்துச் சொல்கிற போதும் ஒன்று.
இலையில் ஒன்றும் விழுமுன்னே
கை நீட்டி மறிக்கிற போதும் ஒன்று.
எழுத்தென்னவோ அதே எழுத்து.

அவள் போனபின் பழைய பதிவேடுகளை இறக்கினேன்.
தும்மல் நிற்க அரைமணி.
சாகுல் ஹமீதுகள் பக்கம் பக்கமாக,
நாகூரில் நேர்ந்து பிறந்தவர்கள்.
கமாலுத்தீன், ஷேக் தாவூது,
பினாங்குக்கும் சைகோனுக்கும் கப்பலேறிய பெயர்கள்.
தொண்ணூற்றெட்டு வரை ஒரு ரய்யான்கூட இல்லை.
முதல் ரய்யானின் தகப்பன் தொழில்: டிரைவர், ரியாத்.
மணலில் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு
இந்தச் சொல் எங்கே கண்ணில் பட்டதோ,
பள்ளிவாசலிலா, முன்னே போன தண்ணீர் லாரியின் முதுகிலா.
பிறகு வருஷத்துக்கு ஒன்று. மூன்று. ஆறு.
ஆறு வறண்ட வருஷங்களில் எண்ணிக்கை ஏறுகிறதா என்று
பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன்.
அப்படியெல்லாம் ஒன்றுமில்லை.
நன்றாக ஓடிய வருஷத்திலும் வைத்திருக்கிறார்கள்.
போன வருஷம் மட்டும் பதினேழு,
ஐந்து விதமான எழுத்துக்கூட்டலில்.

திருத்த விண்ணப்பத்தில் காரணம் என்றொரு கட்டம்.
தண்ணீர் குறைவு என்று எழுதக் கை வந்தது.
எழுத்துப்பிழை என்று எழுதி முத்திரை குத்தினேன்.

இந்த வருஷம் திறந்துவிட்டார்கள்.
நேற்று பாலத்தில் டவுன் பஸ் நின்றபோது பார்த்தேன்,
நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு ஆறு.
படித்துறையில் நின்று ஒருத்தி கத்தினாள்:
"டேய் ரய்யான், ஏறுடா மேலே!"
தண்ணீரிலிருந்து நாலு தலைகள் திரும்பின.
ஒருவனும் ஏறவில்லை.

எங்கள் வாய்க்காலுக்கு முறை வர
இன்னும் எட்டு நாள் என்கிறார்கள்.
பஸ்ஸிலிருந்தே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.
விதைநெல் வாங்கிவிடவா என்றேன்.
அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம்.
என்ன, என்ன, என்றார்.
அழுத்திச் சொன்னேன்.