ஆயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கால்கள்

ஸ்வினோவ் ரயில் நிலையத்தில்
கையுறை கழற்றாமலே பணத்தை எண்ணினான் அந்தப் பையன்.
ப்ராசஸர் ஒரு மிட்டாய்த் தகர டப்பியில்.
கிராபிக்ஸ் கார்டு
நீளமான கால்பந்துக் காலுறைக்குள்.
“கிரிப்டோ தோண்டினாயா இதில்?”
“விளையாட்டு மட்டும்தான்” என்றான்
வராத ரயிலைப் பார்த்துக்கொண்டு.
பொய்யாக இருக்கலாம்.
கையிருப்புக்கு அந்தப் பொய்தான் கட்டுப்படியானது.

ஏழு வருடப் பெட்டி.
பக்கத் தகட்டைக் கழற்றினால்
உள்ளே பூனை முடி.
நாங்கள் பூனை வளர்த்ததேயில்லை.
யிட்கா என்னைப் பார்த்தாள், நான் பெட்டியைப் பார்த்தேன்.

விசிறியைத் திருகித்தான் எடுக்கவேண்டும்.
தெரியும். நேராகவே இழுத்தேன்.
காய்ந்த பசை விடவில்லை;
பழைய ப்ராசஸர் வேரோடு வந்தது
கடைவாய்ப் பல் போல.
ஆயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கால்கள் அதற்கு
(நான் எண்ணவில்லை, யாரோ எண்ணியிருக்கிறார்கள்).
ஒரு மூலையில் நான்கு மட்டும் சாய்ந்திருந்தன,
என் கடைசி டிராமில்
தூங்கி விழுகிறவர்கள் மாதிரி.
இனி எதற்கு இது என்று
ஜன்னலோரம் வைத்தேன், காப்பிக் கறைக்குப் பக்கத்தில்.

புதியது இறங்கியது. பட்டாணியளவு பசை.
கார்டுதான் ஒரு விரற்கடை நீளம்.
ஹார்ட் டிஸ்க் கூண்டின் ஆணிகளைத் துளைத்தெடுத்தேன்.
கீழ்வீட்டு வாவ்ரா
வெந்நீர்க் குழாயில் மூன்று தட்டுத் தட்டினார்.
பொத்தானை அழுத்தினேன்.
எல்லா விசிறியும் சுழன்றன.
திரை மட்டும் கறுப்பு,
ஜனவரி மாத ஒஸ்த்ராவாவின் காலை ஆறு மணி.

போனில் படித்துப் படித்து யிட்கா சொன்னாள்:
“போர்டுக்கு இந்தப் புது ஆளைத் தெரியாது.
பயாஸைப் புதுப்பித்தால் தெரியும்.
புதுப்பிக்க,
அதற்குத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும்.”

இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பினோம்.

அவள் நில அளவைக்காரி,
அரை மில்லிமீட்டர் கோணலும் கண்ணை உறுத்தும்.
பென்சிலிலிருந்து ஈயத்தைத் தட்டிவிட்டு
வெற்று முனைக்குள் ஒவ்வொரு காலாய் நுழைத்து
நிமிர்த்தினாள்.
மூன்று நிமிர்ந்தன.
நான்காவது யோசித்தது.
மூச்சு விடாதே என்றாள் என்னிடம்.
பிறகு அதுவும்.

பழையது தன் இடத்தில் உட்கார்ந்ததும்
ஒன்றுமே நடக்காததுபோல் வெளிச்சம்.
பென்டிரைவ் பதினொரு நிமிடம் கண் சிமிட்டியது,
அதுவரை கரண்ட் போகக்கூடாது,
போகவில்லை.
அப்புறம் அதை வெளியே எடுத்தேன்.
இம்முறை திருகி.
தகர டப்பியில் வைத்து மூடும்போது
இன்னும் சூடாக இருந்தது.

“இவ்வளவும் எதற்கு?” என்றாள்.
சொல்ல வெட்கம்.
பகலெல்லாம் எட்டாம் எண் டிராம் ஓட்டுகிறவன்
இரவில் விளையாடுவதும் டிராம்தான்.
இதுவரை அந்த நிறுத்தங்களில் நின்றவர்களுக்கு
முகமே கிடையாது, சாம்பல் நிறப் பலகைகள்.
இப்போது ஒருவர்
கழுத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு
கொட்டாவி விடுகிறார்.

எனக்கும் வந்தது.
கதவைத் திறந்தேன் அவருக்கு.