நான்காம் எண்

மைனஸ் முப்பத்தொன்று.
சாவியைத் திருப்பினால் எஞ்சினுக்கு முன்பே
டாஷ்போர்டுக்குள் அது விழித்துக்கொள்ளும்,
சிலேட்டில் ஆணி இழுத்தாற்போல்.
விட்டாங்கியிலிருந்து கிருனா சுரங்கம் வரை
எழுபத்தைந்து கிலோமீட்டரும் ஒரே கிறீச்சு.
ஒன்றில், இரண்டில் விசிறி சுற்றாது.
மூன்றில் முனகும்.
நான்கில் கத்தும். கத்தினால்தான் சூடு,
சூடில்லாவிட்டால் கண்ணாடியின் உட்பக்கம்
எங்கள் மூச்சே உறைந்து பாதையை மூடிவிடும்.

எங்கள் என்றால் நானும் ஹில்டிங்கும்.
இரும்பை உருண்டையாக்கும் ஆலையில் அவருக்கு வேலை.
பக்கத்துக் கட்டடத்தில் தாதுத்தூள் நிறுப்பவள் நான்.
பெட்ரோல் ஆளுக்குப் பாதி.
ஒன்பது குளிர்காலம் அந்தச் சத்தத்தின்
இருபுறமும் உட்கார்ந்து போயிருக்கிறோம்.
அவர் வாய் அசையும், நான் தலையசைப்பேன்.
நான் ஏதோ சொல்வேன், அவர் கட்டைவிரலை உயர்த்துவார்.
இதைவிடச் சிக்கலில்லாத சிநேகம்
எனக்கு வாய்த்ததில்லை.

ஜனவரி கடைசியில் விசிறி நின்றேவிட்டது.

பழைய வோல்வோக்காரர்களிடம் ஒரு கேலி உண்டு:
தொழிற்சாலையில் முதலில் விசிறியை அந்தரத்தில் தொங்கவிட்டு
பிறகு அதைச் சுற்றிக் காரைக் கட்டினார்களாம்.
வெள்ளி இரவு கராஜில் அதை நம்பினேன்.
ரேடியோ, சாம்பல் கிண்ணம், நடுப்பெட்டி,
கையுறைப் பெட்டி, யானைத் துதிக்கை போல் இரண்டு குழாய்.
கழற்றக் கழற்ற அது இன்னும் உள்ளே போனது.
எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன்
இப்படித்தான் ஆரம்பித்திருப்பான், ஒரு திருகிலிருந்து.
முட்டை அட்டையில் குழிக்கொரு வகையாகத் திருகுகள்.
பன்னிரண்டு குழி போதாமல்
காபிக் கோப்பையும் நிறைந்தது.

சனிக்கிழமை முழுக்கத் தலை கால்மிதியில்,
கால் தலைசாய்ப்பானில்.
கண்ணுக்கு எட்டாத ஒரு கிளிப்பை
விரல்நுனியால் தேடி மூன்று கீறல் வாங்கினேன்.
பெயர் சொல்லித் திட்டலாமென்றால்
அந்தப் பொறியாளன் பெயர் தெரியாது.

ஒருவழியாக வெளியே வந்தது.
என் முஷ்டியளவு மோட்டார், இருபக்கமும் கூண்டுச் சக்கரம்.
உள்ளே பிர்ச் இலைப்பொடி,
ஏதோ ஒரு கோடையின் குளவி, இறக்கை கலையாமல்.
கார்பன் பிரஷ் தேய்ந்து அரிசியளவு.
புது மோட்டாரின் விலை காரின் விலையில் பாதி.
செத்துப்போன துளைப்பானைப் பிளந்து
அதன் பிரஷ்களை அரத்தால் ராவிப் பொருத்தினேன்,
வறண்டு கிடந்த புஷ்ஷுக்கு எண்ணெய், சொட்டுச் சொட்டாக.
குளவியை மட்டும் ஏனோ
ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

மாட்டி முடித்தபோது இரண்டு திருகு மீதம்.
எங்கிருந்து வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை,
அவையும் சொல்லவில்லை.

திங்கள், காலை ஐந்து பத்து.
ஒன்றில் வைத்தேன். சுற்றியது.
டயர் ஆணிகள் பனிக்கட்டியைக் கொறிப்பது கேட்டது.
ஹில்டிங்கின் ஜிப், ஹில்டிங்கின் வயிறு,
எச்சில் விழுங்கியது அவரா நானா தெரியவில்லை.
இருபது கிலோமீட்டர்
இருவரும் புதிதாய்ப் பெண் பார்க்க வந்தவர்கள் போல.
சும்மா இருக்க முடியாமல் கேட்டுவைத்தேன்:
அய்லா எப்படி இருக்கிறாள்?

சாலையைப் பார்த்தபடியே இருந்தார்.
“அக்டோபரில் போய்விட்டாளே, லூலியோவுக்கு.
உன்னிடம் சொன்னேனே குன்வோர், இதே வளைவில்.
நீ தலையசைத்தாய்.”

சங்கை அவர் ஊதியிருக்கிறார்.
செவிடு நான்.

ஒரு கலைமான் கூட்டம் விளக்கொளியில் நின்றது,
அவசரமில்லாமல் விலகியது.
“நல்லதாயிற்று” என்றார் பிறகு.
“மற்றவர்களெல்லாம் ஏதாவது சொன்னார்கள்.”

எனக்குக் கேட்கவே இல்லை என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவர் கை நீண்டு
குமிழை நான்குக்குத் திருப்பியது.

காற்று வந்தது.
காற்று மட்டும்.